புது டிஸ்க்கும் பழைய பேடும்

யாராவது காருக்கு பிரேக் டிஸ்க் மாற்றப் போகிறேன் என்று என் காதில் விழும்படி சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன். "பேடும் சேத்தித்தானே மாத்தறீங்க?" என்று கேட்டுவிடுவேன். கல்யாண வீடு, எழவு வீடு என்றெல்லாம் பார்ப்பதில்லை. "பேடு நல்லாத்தானுங்க இருக்குது, பாதிகூடத் தேயல" என்று பதில் வந்தால் எனக்குக் காது சூடாகிவிடும். என் மனைவி தூரத்தில் நின்று சிரிப்பாள். நான் பேசுவது அந்த மனிதரின் காரைப் பற்றி இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் பீளமேட்டில் ஒரு பவுண்டரியில் எனக்கு வேலை. பம்புசெட்டுக்கு வேண்டிய இரும்புப் பாகங்களை வார்க்கிற இடம். வார்த்து வந்ததை லேத்தில் கடைந்து, அளவு பார்த்து அனுப்புவது என் பொறுப்பு. அங்கிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் ஒரு மாடி வீடு வாடகைக்கு இருந்தது. அந்த வீட்டில் நான் தனியாளாகக் கிடந்த காலம் அது.

என் மனைவி வெள்ளகோவில்காரி. கல்யாணமான மறுவருஷமே உண்டாகி, ஏழாம் மாதம் கட்டுச்சோற்று விருந்து முடிந்து தாய்வீட்டுக்குப் போனாள். தை மாதக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த பிறகு தாயையும் பிள்ளையையும் ஒற்றைப்படை மாதத்தில்தான் கூட்டி வர வேண்டும், மூன்று, ஐந்து, ஏழு என்று. மூன்றாம் மாதம் அவளுக்கு உடம்பு தேறவில்லை. அதனால் ஐந்தாம் மாதம் ஆனியில் ஒரு நல்ல நாள் குறித்தார்கள். அதை விட்டால் அடுத்தது இரட்டைப்படை மாதம். போதாக்குறைக்கு அது ஆடியும்கூட. ஆக, ஆனியில் தவறினால் ஆவணிதான். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் பேடு விஷயத்தில் அந்த வேலையைச் செய்தேன்.

ஏக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது எங்கே பிடிக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காலையில் சோப்புப் பெட்டியைத் திறந்தால் பிடிக்கும். அவள் விட்டுப்போன ஸ்டிக்கர் பொட்டு ஒன்று கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருந்தது, மாசக்கணக்கில் அதைத் துடைக்காமல் முகம் சவரம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். மூன்று மணி நேரப் பயணம், அங்கே நாலு மணி நேரம், திரும்ப மூன்று மணி நேரம். அந்த நாலு மணி நேரத்தில் பாதி நேரம் குழந்தை தூங்கும். மீதிப் பாதியில் சொந்தக்காரர்கள் யாராவது தூக்கி வைத்திருப்பார்கள். மாப்பிள்ளை என்று எனக்குச் சோறு போட்டே நேரத்தைத் தீர்த்துவிடுவார்கள். குழந்தையைக் கையில் கொடுத்தால் ஒரு கோழிக்குஞ்சின் கனம்கூட இருக்காது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறுகிறபோதெல்லாம் எனக்கு அழுகை வரும். அழுதிருக்கிறேன், ஜன்னலோரம் உட்கார்ந்து, காங்கேயம் வருகிறவரைக்கும்.

வீட்டு உத்தரத்தில் தொட்டிலுக்கு வளையம் மாட்டினேன். சேலையையும் கட்டிப் பார்க்கலாம் என்று ஏணியைப் போட்டபோது, மதுக்கரையில் அண்ணன் வீட்டிலிருந்து வந்திருந்த அம்மா, "வெறுந்தொட்டியக் கட்டாத சாமி, ஆகாது" என்று அதட்டினார். வளையத்தை மட்டும் பார்த்துக்கொண்டு படுப்பேன்.

குழந்தையை பஸ்ஸில் கூட்டி வரக் கூடாது என்று நானே முடிவு செய்து, பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினேன். ஊரெல்லாம் அப்போது அதுதான் ஓடும். வெள்ளை நிறம், எனக்கு முன்னால் இரண்டு கை மாறியது. எல்லாம் சரியாக இருந்தது, முன்சக்கர பிரேக்கைத் தவிர. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமிருந்தும் வந்து அதைக் கவ்வுகிற கட்டிகள்தான் பேடு. என் காரின் டிஸ்க்குகள் தேய்ந்து மெலிந்து, விரலால் தடவினால் வரப்பு வரப்பாகத் தட்டுப்பட்டன.

கடையில் வாங்குவதா? நானா? எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. இரும்பில் எதைப் பார்த்தாலும், "இதை நம்மளே ஊத்திப்போடலாமே" என்று தோன்றும். எனக்கு அது முற்றிய நிலை. முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை கடைசி வார்ப்பில் இரண்டு தட்டுகளை ஊற்றினோம். நானே லேத்தில் ஏற்றிக் கடைந்தேன். சுற்றவிட்டுப் பார்த்தேன், மயிரிழை ஆட்டம் இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் குஞ்சு உண்மையிலேயே பொன்னாகத்தான் இருந்தது. அந்த டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

அதை எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் போனேன். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அருமையா வந்துருக்குதுங்க" என்றார். பிறகு பழைய பேடுகளைக் கழற்றி என் முன்னால் வைத்து, "பேடும் புதுசு போட்டுட்டாத் தேவலைங்க" என்றார்.

"ஏனுங்க? பாதி இருக்குதே?"

"இருக்குதுங்க."

"பின்னே எதுக்கு வீசறது?"

"பழைய தட்டுல ஓடிப் படிஞ்சதுங்க அது. புதுத் தட்டுல ஒழுங்கா ஒக்காராதுங்க."

"ரெண்டு நாள் ஓட்டுனா ஒக்காந்துக்காதா?"

அவர் துணியில் கையைத் துடைத்தார். "உங்க இஷ்டமுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் "உங்க இஷ்டமுங்க" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் மறுத்துப் பேச மாட்டார் என்று பொருள். மரியாதை அங்கே வாயைக் கட்டிவிடும். கேட்கிறவன்தான் அவர் துணியில் கை துடைத்த விதத்தைப் பார்த்து யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. பற்பசைக் குழாயை வெட்டி உள்ளே வழித்து எடுக்கிற குடும்பம் எங்களுடையது. பாதி இருக்கிற பொருளைக் குப்பையில் போடக் கை வராது. அதோடு, என் டிஸ்க்கின் மேல் எனக்கு அவ்வளவு கர்வம். இவ்வளவு நல்ல தட்டு இருக்கும்போது பேடு எதுவாக இருந்தால் என்ன என்று நினைத்தேன். பழையதையே மாட்டச் சொன்னேன்.

குறித்த நாளன்று விடியற்காலையில் கிளம்பினேன். அம்மா பீளமேட்டு வீட்டில் ஆரத்தி கரைத்து வைக்கத் தயாராக இருந்தார். பல்லடம் தாண்டுகிறவரைக்கும் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. கொஞ்சம் அழுத்தித்தான் மிதிக்க வேண்டியிருந்தது. படிந்துவிடும், படிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின் சீட்டில் புது ரப்பர் ஷீட்டும் சின்ன மெத்தையும் விரித்து வைத்திருந்தேன். கண்ணாடியில் அதைத்தான் அடிக்கடி பார்த்தேன்.

வெள்ளகோவிலில் என் மனைவி சிவப்புச் சேலை கட்டி, கூடையெல்லாம் கட்டி வைத்துத் தயாராக இருந்தாள். குழந்தைக்குக் கன்னத்தில் மைப்பொட்டு. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே நான் இன்னும் நூறு மைல் ஓட்டியிருப்பேன். சாப்பாடு முடிந்தது. மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். இளவயதில் எண்ணெய் மில்லுக்கு லாரி ஓட்டியவர், அப்புறம்தான் விவசாயத்துக்கு வந்தார்.

"மாப்ளே, வண்டியில ஒரு எட்டுப் போயிட்டு வரலாமுங்களா? புது வண்டி, நானும் ஒக்காந்து பாக்கறனே" என்றார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. முத்தூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனோம். ஒரு வளைவில் செம்மறி ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. மிதித்தேன். ரோட்டோரத்து டீக்கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி வண்டி அலறியது. நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. கடைசி ஆட்டின் வாலுக்கும் என் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். ஆட்டுக்காரர் என் வம்சத்தையே இழுத்துப் பேசினார்.

மாமனார் இறங்கி, முன்சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து மூக்கை வைத்தார். பிறகு வந்து உட்கார்ந்தார்.

"தட்டு புதுசுங்களா?"

"நானே ஊத்துனதுங்க மாமா."

"நல்லாருக்குதுங்க. பேடு?"

"அது பழசேதானுங்க. பாதி இருக்குதுங்க."

"ஓ" என்றார். வீடு வரும் வழியில் மழை இல்லை என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்கினார். நெற்றியில் கை வைத்தார். "கொழந்தைக்கு மேலு சூடாட்டம் இருக்குதுங்க மாப்ளே. இந்த வெயில்ல வேண்டாமுங்க. ஆடி கழியட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

நானும் தொட்டுப் பார்த்தேன். நெற்றி குளுகுளுவென்று இருந்தது. மனைவியைப் பார்த்தேன். அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். ஒருவரும் பிரேக் என்ற வார்த்தையை வாயில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டிருந்தால் ஒரு வழியும் பிறந்திருக்கும். காய்ச்சல் இல்லாத குழந்தைக்குக் காய்ச்சல் என்று இவ்வளவு மரியாதையாகச் சொல்லும்போது என்ன செய்வது? "சரிங்க மாமா" என்றேன். அவள் கட்டி வைத்த கூடையை அவளே அவிழ்ப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் வெளியே வந்தேன்.

வெறும் வண்டியாகப் போகக் கூடாது என்று பின் சீட்டில் அரை மூட்டை நிலக்கடலையும் பத்துத் தேங்காயும் ஒரு கட்டு முருங்கைக்காயும் ஏற்றிவிட்டார்கள். அந்த ரப்பர் ஷீட்டின் மேலேயேதான். பல்லடம் வரைக்கும் தேங்காய்கள் உருண்டு உருண்டு கதவில் முட்டின. ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்த அம்மா வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "அம்மணி எங்கடா?" என்று கேட்டார். பதிலுக்கு நான் கத்திய கத்தல் கீழ்வீட்டுக்காரர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். பாவம், ஆரத்தியைக் கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றினார்.

மறுநாள் மெக்கானிக் பேடுகளைக் கழற்றினார். பழைய டிஸ்க்கின் வரப்புகள் அத்தனையும் அச்சு எடுத்த மாதிரி பேடில் இருந்தன. அந்த மேடுகள் மட்டும் புதுத் தட்டில் உரசிப் பளபளவென்று மினுங்கின. மீதியெல்லாம் தட்டைத் தொடவே இல்லை. பாதி இருக்குது, பாதி இருக்குது என்று நான் சொன்ன பேடில் வேலை செய்தது கால்வாசிகூட இல்லை. இரும்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் எடுத்து வீசுகிற ஆள் நான். இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. அவர் "நான் அன்னைக்கே சொன்னனே" என்று சொல்லவில்லை. "பரவாயில்லீங்க" என்றார். அது இன்னும் சுட்டது.

புதுப் பேடு மாட்டியதும், முதலில் கொஞ்ச தூரத்துக்கு மெல்ல மிதித்து மிதித்து ஓட்டுங்கள், தட்டும் பேடும் ஒன்றுக்கொன்று பழகட்டும் என்றார். சாயங்காலம் வேலை விட்டதும் மதுக்கரை ரோட்டில் போவேன். வேகம் எடுப்பேன், மெல்ல மிதிப்பேன், மறுபடி எடுப்பேன். பின்னால் அவள் மடியில் குழந்தை இருப்பதாக நினைத்துக்கொண்டு, அது விழித்துவிடாத மாதிரி நிறுத்திப் பழகினேன். திரும்பிப் பார்த்தால் வெறும் சீட்டு. வண்டி நாலே நாளில் சரியாகிவிட்டது. அப்புறமும் பல நாள் போனேன், வீட்டுக்குப் போகப் பிடிக்காமல்.

நியாயமாகப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வழக்கம்போல் போயிருக்க வேண்டும். போகவில்லை. ரோஷம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று எனக்காகவே சொல்லி வைத்திருக்கிறார்கள். என் வண்டியை நம்பாத வீட்டுக்கு நான் ஏன் போக வேண்டும் என்று வீம்பு பிடித்தேன். என் மனைவி, அப்பா முன்பு லாரி ஓட்டிய எண்ணெய் மில்லுக்குப் போய் பவுண்டரிக்கு போன் செய்வாள்.

"ஏனுங்க, கவுந்துட்டாளுங்க" என்றாள் ஒருநாள்.

"சரி."

"சத்தமாச் சிரிக்கறாளுங்க. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்களே."

"ஆடி கழியட்டும்" என்றேன், அவள் அப்பா சொன்ன அதே தொனியில். போனை வைத்த பிறகு லேத் பக்கம் போய் நின்று, முகத்தைத் துடைக்கிற மாதிரி அழுதேன். என் பெண் முதன்முதலில் குப்புற விழுந்ததை நான் பார்க்கவில்லை. யாரும் தடுக்கவில்லை. நானாகத்தான் போகவில்லை. இதை எழுதும்போதும் மனசு ஆறவில்லை.

ஆவணி பிறந்தது. ஏழாம் மாதம். நல்ல நாளில் போனேன். மாமனார் தோளில் குழந்தை இருந்தது. கொழுகொழுவென்று, யாரோ வேறு குழந்தை மாதிரி. ஆசையாகக் கை நீட்டினேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டாள். என் மனைவியிடம் கொடுத்தார்கள். அங்கேயும் நிற்கவில்லை. மாமனாரிடம் போனால்தான் அழுகை அடங்கியது. காரில் ஏற்றப் பார்த்தோம், மறுபடி அதே கதை.

"நானும் கூடவே வந்து உட்டுட்டு வாரனுங்க" என்று அவர் பின் சீட்டில் ஏறிக்கொண்டார்.

வழி நெடுக அவர் தோளிலேயே தூங்கி வந்தாள். பல்லடம் சந்தடியில் ஒரு டவுன் பஸ் சடாரென்று முன்னால் நின்றது. மிதித்தேன், சத்தமில்லாமல் நின்றோம். குழந்தை விழிக்கவில்லை. "இப்ப நல்லா நிக்குதுங்க" என்று மெதுவாகச் சொன்னார். அன்றைக்குப் பிரேக்கைப் பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அம்மா ஆரத்தி எடுத்தார். குழந்தையைத் தொட்டிலில் போட்டார்கள். விழிப்பதற்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்று மாமனார் காபிகூட நின்றபடியே குடித்தார். மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் இல்லை என்றார். பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன். பஸ் கிளம்ப நேரம் இருந்தது. ஒரு தூணோரம் நின்றோம்.

"மாப்ளே, ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றார். என்னைப் பார்க்கவில்லை, பஸ்ஸின் போர்டைப் பார்த்தபடி பேசினார். "அன்னைக்கு நான் டாக்ஸி வெச்சு அனுப்பியிருக்கலாமுங்க. ஸ்டாண்டுல ரெண்டு வண்டி சும்மாத்தான் நின்னுட்டிருந்துச்சு. போற வழியில நானே பாத்தனுங்க. பிரேக்கு சத்தம் கேட்டதும் பயந்துட்டேன், அது பொய்யில்லீங்க. ஆனா பயத்தோட சேந்து ஒரு சந்தோசமும் வந்துருச்சுங்க. இன்னும் ரெண்டு மாசம் நம்ம ஊட்லயே இருக்கும்னு. தப்புத்தானுங்க. உங்க கொழந்தை."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. டாக்ஸி! எனக்கும்தான் அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் என் காரை விட்டுவிட்டு டாக்ஸியில் கூட்டி வரச் சம்மதித்திருப்பேனா என்பது வேறு கதை. இரண்டு மாதமாக இந்த மனிதருக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த சூடான வார்த்தைகள் அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்தன. அவர் தோளைப் பார்த்தேன். குழந்தை தூங்கி எச்சில் வடித்த இடத்தில் சட்டை ஈரமாக இருந்தது. அந்தப் பக்கத்துக் கையை அவர் இன்னும் தூக்கி வைத்த மாதிரியே மடக்கி வைத்திருந்தார், உள்ளே ஒன்றும் இல்லாமல்.

"ஞாயித்துக்கெழமை வாரமுங்க மாமா, மூணு பேரும்" என்றேன்.

"வாங்க, வாங்க" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஜன்னலோரம். பஸ் திரும்பும்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காங்கேயம் வரைக்கும் அப்படித்தான் போவார் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது குழந்தை விழித்து என் மனைவி மடியில் உட்கார்ந்திருந்தது. மாடிப்படியில் என் செருப்புச் சத்தம் கேட்டு ஆவலாகத் திரும்பியது. என்னைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. தலையைச் சாய்த்து, எனக்குப் பின்னால் இன்னும் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தது. இத்தனை மாதம் நான் ஏங்கிக் கொண்டுவந்த குழந்தை, என் வீட்டில் முதல் சாயங்காலமே, இன்னொருவருக்காக ஏங்கிக்கொண்டிருந்தது. அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தவன் நான்தான்.